முற்றுகை என்றால் என்ன? பாசறையில் ஒரு சிப்பாயின் நாள்

என் அக்கா மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். கர்நாடகப் போர்கள் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: “மாமா, நம் புதுச்சேரியை நான்கரை மாதம் சுற்றி வளைத்து நின்றார்களாமே, அத்தனை நாளும் நின்றுகொண்டு என்னதான் செய்தார்கள்?”

நல்ல கேள்வி. பாடப் புத்தகத்தில் ‘முற்றுகையிட்டனர்’, ‘கைப்பற்றினர்’ என்று இரண்டு வினைமுற்றுகளோடு கதை முடிந்துவிடும். பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரிமீது 1760 செப்டம்பரில் ஆங்கிலேயர் தொடங்கிய அந்த முற்றுகையில் இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே நூற்று முப்பது நாள்களுக்கு மேல் ஓடியிருக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் விடியலில் எழுந்து, தண்ணீர் தேடி, அடுப்பு மூட்டி, மண் வெட்டி, காவல் நின்று, காய்ச்சலில் படுத்துக் கிடந்த நாள்கள் அவை. அவர்களில் நம் மண்ணின் மக்கள் ஏராளம். அவளுக்கு அன்று சொன்னதையே, போர் வரலாறு படித்துப் பழக்கமில்லாத மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மோதிப் பிடிக்க முடியாத ஊரைச் சுற்றி வளைத்து, உள்ளே அரிசியும் மருந்தும் ஆளும் போகாதபடி அடைத்து, பணியவைப்பது முற்றுகை. நம் முன்னோருக்கு இது நன்கு தெரிந்த வேலைதான். கோட்டையை வளைக்கிறவன் சூடும் பூ உழிஞை, உள்ளிருந்து காக்கிறவன் சூடும் பூ நொச்சி என்று இலக்கணத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். சளி பிடித்தால் ஆவி பிடிக்க வேலியோரம் பறிக்கிறோமே, அதே நொச்சிதான்.

முற்றுகையில் இரண்டு வகை உண்டு. முதல் வகை வெறும் அடைப்பு. சாலைகளையும் கடலையும் மூடிவிட்டு உள்ளே பசி வேலை செய்யட்டும் என்று காத்திருப்பது. இரண்டாவது வகையில் கோட்டையை நோக்கிப் பள்ளம் வெட்டிக்கொண்டே நெருங்க வேண்டும். சுவருக்கு இணையாக முதலில் ஒரு நீண்ட பள்ளம். அதிலிருந்து கோணல்மாணலாக முன்னேறி, இன்னும் நெருக்கத்தில் இரண்டாவது பள்ளம். பிறகு மூன்றாவது. கோணல் எதற்கு? நேராக வெட்டினால், சுவர்மேல் இருக்கும் பீரங்கி அந்தப் பள்ளத்தின் நீளம் முழுவதையும் ஒரே குண்டால் பெருக்கித் தள்ளிவிடும். வளைத்து வளைத்து வெட்டினால் குண்டு மண்ணில் புதையும். ஆகவே முற்றுகைச் சிப்பாய் அதிக நேரம் கையில் பிடித்திருந்தது துப்பாக்கியை அல்ல, மண்வெட்டியைத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

தூரக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1748இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். உள்ளே பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸ். கடலூர் பஸ்ஸில் நாம் நொடியில் கடந்து போகும் அரியாங்குப்பத்தில் அப்போது ஒரு சிறு கோட்டை இருந்தது. அதைப் பிடிப்பதிலேயே விலைமதிப்பற்ற நாள்கள் கரைந்தன. அங்கே நடந்த சண்டையில் ஆங்கிலேயப் படையின் மேஜர் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டார். பிறகு ஊரை நெருங்கி, சுவரிலிருந்து சுமார் 1500 கெஜ தூரத்தில் பள்ளம் வெட்டத் தொடங்கினார்கள். வழக்கமான தொடக்கம் 800 கெஜம். நடுவில் சதுப்பு நிலம் வேறு. தொலைவில் தொடங்கியதால் வேலை இரட்டிப்பானது. அக்டோபர் வந்தது, வடகிழக்குப் பருவமழையும் கூடவே வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியரை இழந்து பாஸ்காவன் திரும்பிப் போனார். அவர்களில் நோயில் மாண்டவர்களே மிகுதி. நம் ஊரின் ஐப்பசி மழையைக் கணக்கில் கொள்ளாமல் நம் ஊரைப் பிடிக்க முடியாது.

சரி, முற்றுகையிடும் படை எங்கே தங்கும்? தமிழில் இதற்கு அழகான வழக்கு உண்டு: ‘பாளையம் இறங்குதல்’. பாளையம் என்றால் படை தங்கும் இடம். சண்டை ஓய்ந்து வெகுகாலம் ஆன பிறகும் அந்தச் சொல் ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சங்கப் பாடல்களில் பாசறைக்கு முள்வேலி வளைத்ததாக வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்கோ, ஊருக்கு வெளியே வளைத்து வளர்த்த முட்செடி வேலியே ஒரு அரணாக இருந்தது. கள்ளியும் கற்றாழையும் அடர்ந்த அந்த வேலியில் வில்லியனூர், உழவர்கரை, அரியாங்குப்பம் பக்கமெல்லாம் காவல் அரண்கள் இருந்தன. 1760 செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை இவற்றைப் பிடித்தது. அன்றிலிருந்து, ஊரைக் காக்க வளர்த்த வேலி ஊரை அடைக்கிற வேலியாக மாறிவிட்டது.

பாசறையைக் கூடாரங்களின் வரிசை என்று மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது. அது நகரும் ஊர். சண்டையிடுகிறவர்களைவிட அவர்களைப் பிழைக்கவைக்கிறவர்களின் கூட்டம் பெரிது. தோல்பைகளில் தண்ணீர் நிரப்பி மாட்டின்மேல் ஏற்றி வருபவர், புல்லறுப்பவர், டோலி தூக்குபவர், சலவைக்காரர், பீரங்கி இழுக்கும் மாடுகளை மேய்ப்பவர், கடை போட்டு அரிசி, புளி, மிளகாய், புகையிலை விற்பவர் என்று அது நீளும். சென்னைப் படையின் சிப்பாய்களோடு மனைவி மக்களும் கூடவே வருவது வழக்கம். சிப்பாய்க்குப் போர்க்களத்தில் சம்பளத்துக்கு மேல் ஒரு படித்தொகை கிடைத்தது. அதற்குப் பெயர் பத்தா. இன்று ஓட்டுநர்களும் சினிமாத் தொழிலாளர்களும் வாங்கும் பேட்டா அந்தச் சொல்லின் வாரிசுதான்.

இப்போது அவனுடைய நாளுக்கு வருவோம். அது மாலையில் தொடங்குகிறது. பகலில் பள்ளம் வெட்டத் தலையை நீட்டினால் சுவரிலிருந்து குறி வைப்பார்கள். அதனால் பெரிய வெட்டு வேலை எல்லாம் இருட்டில்தான். பொழுது சாய்ந்ததும் ஒரு கூட்டம் மண்வெட்டி, கடப்பாரை, சுள்ளிக் கட்டுகள், அடியில்லாத கழிக்கூடைகள் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு முன்னே போகும். கூடையை நிறுத்தி அதில் மண்ணை நிரப்பினால் அதுவே கைச்சுவர். பேச்சு கூடாது, இருமல்கூடக் கூடாது. இரும்பு கல்லில் பட்டுச் சத்தம் எழுந்தால் அந்தத் திசைக்குக் குண்டு வரும். இன்னொரு கூட்டம் துப்பாக்கியோடு அவர்களுக்கு முன்னால் தரையில் படுத்துக் காவல் காக்கும். கோட்டைக்குள் இருப்பவர்கள் இரவில் திடீரென்று வெளியே பாய்ந்து பள்ளத்தை மூடிவிட்டு ஓடுவது வழக்கமான தந்திரம்.

விடிந்தால் ஆள் மாறும். பள்ளத்தில் நின்றவர்கள் சேறு பூசிய கால்களோடு பாசறைக்குத் திரும்புவார்கள். ஆள் எண்ணுவார்கள். நோயாளிகளைப் பிரிப்பார்கள். பிறகு அடுப்பு. தமிழ்ச் சிப்பாய்க்குச் சோறு. சாதிக்கொரு அடுப்பு, உறவுக்கொரு பானை என்று பாசறை முழுவதும் சிறுசிறு புகைகள் எழும். ஐரோப்பியச் சிப்பாய்க்கு இறைச்சியும் அன்றாட அளவுச் சாராயமும். சாப்பிட்ட கையோடு தூக்கம் இல்லை. துப்பாக்கியைத் துடைக்க வேண்டும், வெடிமருந்தை ஈரம் படாமல் பார்க்க வேண்டும், கூடை முடைய வேண்டும், விறகு வெட்ட வேண்டும். நடுப்பகலில் நிழல் கிடைத்த இடத்தில் ஒரு தூக்கம். மறுபடி மாலை.

எந்த நாட்டு முற்றுகையை எடுத்துக்கொண்டாலும் இந்தச் சக்கரம் இப்படித்தான் சுழன்றது. நம் சிப்பாய்கள் தம் கையால் எழுதிவைத்தவை மிக அரிது. ஆனால் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் வீட்டுக்குக் கடிதமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். 1864 ஜூனிலிருந்து 1865 ஏப்ரல் வரை வடக்குப் படை பீட்டர்ஸ்பர்க் நகரை நெருக்கியது. 30 மைலுக்கு மேல் நீண்ட பள்ளங்கள். விடியற்காலை முரசோ ஊதுகொம்போ எழுப்பும், ஆள் எண்ணுவார்கள், பிறகு காபி. காபிக் கொட்டையைத் துப்பாக்கிக் கட்டையின் அடியால் இடித்துத் தகரக் குவளையில் கொதிக்கவைத்தார்கள். கல்லைப் போன்ற ஒரு பிஸ்கட், நாளுக்கு ஒன்பது பத்து. அதைக் காபியில் நனைத்தால் உள்ளிருக்கும் வண்டுகள் மேலே மிதக்கும், வழித்து எறிந்துவிட்டுத் தின்பார்கள். எதிரே பள்ளத்தில் இருந்த தெற்குச் சிப்பாய்க்கு அதுவும் இல்லை. கடல் அடைபட்டதால் காபி வரத்து நின்று, சிக்கரி வேரையும் வறுத்த தானியத்தையும் கொதிக்கவைத்துக் குடித்தான். நாம் ருசிக்காகச் சேர்க்கிற சிக்கரி அவனுக்குத் தட்டுப்பாட்டின் அடையாளம்.

உள்நாட்டுப் போரின் முற்றுகைக்கு ஒரு தனி வேதனை உண்டு. பள்ளத்தில் இருப்பவனும் எதிர்ப்பள்ளத்தில் இருப்பவனும் ஒரே மொழி பேசுகிறார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் அதிகாரிகள் கண்ணில் படாமல் வடக்கின் காபியும் தெற்கின் புகையிலையும் கைமாறின. காலையில் பண்டமாற்று, மாலையில் குண்டுமாற்று.

நமக்கும் இது புதிதல்ல. ஆற்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிக்கொண்டது ஒரு வகையில் உள்நாட்டுச் சண்டைதான். ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, மற்றவருக்கு ஆங்கிலேயர் துணை. இரண்டு பக்கமும் வரிசையில் நின்றவர்களில் நம் ஆட்கள் இருந்தார்கள். 1751இல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் கிளைவ் ஐம்பது நாள் அடைபட்டுக் கிடந்தபோது, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சிப்பாய்கள் சொன்னதாக ஒரு கதை உண்டு. அது அப்படியே நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்து இல்லை. விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டாக அதை ஆங்கிலேயர் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு அந்தக் கதையில் தெரிவது வேறு. அரிசிப் பானையின் அடி தெரியத் தொடங்கும் நாளை, கஞ்சி குடித்து வளர்ந்தவன்தான் முதலில் உணர்வான்.

உணவுக்கு அடுத்த எதிரி வயிறு. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்கினால் கிணறும் குளமும் கெடும். வயிற்றுக்கடுப்பும் பேதியும் காய்ச்சலும் பாசறையைப் பிடிக்கும். பள்ளத்தில் மழைநீர் முழங்காலுக்கு நிற்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட சிப்பாய்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நோயால் மாண்டவர்கள். வீரம் என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி இந்தச் சேற்றில் நிற்பதும், காய்ச்சலோடு மறுநாள் காவலுக்கு எழுவதும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

1748 முற்றுகையில் ஹன்னா ஸ்னெல் என்ற ஆங்கிலேயப் பெண் ஜேம்ஸ் கிரே என்ற பெயரில் ஆண் உடையில் கப்பற்படைச் சிப்பாயாக இருந்தார். பள்ளத்தில் காயம்பட்டுக் கடலூர் மருத்துவமனையில் கிடந்ததாகவும், தாம் பெண் என்பது தெரிந்துவிடாமல் இருக்க, ஒரு குண்டை உள்ளூர்ப் பெண் ஒருவரின் உதவியோடு தாமே எடுத்ததாகவும் நாடு திரும்பிய பின் சொன்னார். 1750இல் அவருக்கு ஓய்வூதியமும் கிடைத்தது. குண்டெடுக்கத் துணை நின்ற அந்தக் கடலூர்ப் பெண்ணின் பெயர் அவர் கதையில் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒருமாதிரி ஆகிவிடும்.

இனி நான் மருமகளிடம் சொல்லத் தயங்கிய பகுதி. 1760 நவம்பர் இறுதி. கோட்டைக்குள் இருந்த பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு அரிசி போதவில்லை. சண்டையிடாத வாய்களைக் குறைக்க நினைத்து, ஊரில் இருந்த தமிழ் மக்கள் சுமார் 1400 பேரை ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வெளியே தள்ளினார். முள்வேலிக் கோட்டில் காவல் நின்ற கூட்டின் படை அவர்களை வெளியே விடவில்லை. விட்டால் கோட்டைக்குள் இருக்கும் அரிசி இன்னும் பல நாளுக்கு வரும், முற்றுகை நீளும். திரும்பி ஊருக்குள் ஓடினால் சுவரிலிருந்து சுட்டார்கள். எட்டு நாள்கள் சுவருக்கும் வேலிக்கும் நடுவே வெட்டவெளியில் புல்லின் வேரைத் தோண்டித் தின்று கிடந்தார்கள். அதன் பிறகே கூட் வழிவிட்டார். அந்த எட்டு நாளும் வேலியோரம் காவல் நின்ற தமிழ்ச் சிப்பாயை நினைத்துப் பாருங்கள். அவர்கள் அழுதது அவனுக்குப் புரியாத மொழியில் அல்ல.

முற்றுகையிடுகிறவனும் பாதுகாப்பாக இருப்பதில்லை. அதே முற்றுகையில் 1761 புத்தாண்டு நாளில் கடலில் புயல் எழுந்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் பல மூழ்கின, சில கரை ஒதுங்கின, ஏறத்தாழ 1100 மாலுமிகள் மாண்டார்கள். பாசறையில் ஒரு கூடாரம் நிற்கவில்லை, வெடிமருந்து நனைந்தது, பீரங்கி மேடுகள் கரைந்தன. தானே புயலில் ஓர் இரவு இங்கே இருந்தவர்களுக்கு அந்த இரவைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருந்தவர்கள் அன்று வெளியே பாய்ந்திருந்தால் கதை மாறியிருக்கக்கூடும். ஆனால் அவர்களிடம் பாயத் தெம்பு இல்லை. யானை, ஒட்டகம், குதிரை எல்லாவற்றையும் தின்று தீர்த்திருந்தார்கள். ஜனவரி நடுவில் கோட்டை பணிந்தது. முற்றுகை முடிந்து வெளியே வரிசையில் நின்றபோது, ஒருகாலத்தில் படையிலேயே கட்டுடல் கொண்டவர்களாக இருந்த லொரேன், லாலி படைப்பிரிவுகளின் கிரனேடியர்கள் என்ற தேர்ந்தெடுத்த வீரர்கள்தாம் எல்லாரையும்விட மெலிந்து போயிருந்தார்கள். ஒவ்வொரு ஆபத்தான வேலைக்கும் முன்னே வந்தவர்கள் அவர்களே.

கடலூர் முற்றுகையைப் பற்றியும் அவள் கேட்டாள், பாடத்தில் ஒரே வரிதான் இருந்தது. 1783 ஜூன். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, வெளியே ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட். இங்கே மழை இல்லை, கத்திரி வெயிலின் மிச்சம். ஜூன் 13 அன்று ஸ்டூவர்ட் மோதிப் பார்த்தார். ஒரே நாளில் அவர் பக்கம் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டும் காயம்பட்டும் விழுந்தார்கள். அவருடைய பாசறைக்கு அரிசியும் பீரங்கிக் குண்டும் கடல் வழியாக வந்தன. ஜூன் 20 அன்று கடலில் நடந்த சண்டைக்குப் பிறகு ஆங்கிலேயக் கப்பல்கள் சென்னைக்குத் திரும்பிவிட்டன. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் தம் ஆட்களைக் கரையிறக்கினார். இப்போது யார் யாரை முற்றுகையிட்டிருப்பது? கோட்டையைச் சுற்றி நின்றவனுக்கே சோறு குறையத் தொடங்கிவிட்டது. அந்த நிலையில், ஜூன் கடைசியில், ஒரு கப்பல் செய்தி கொண்டுவந்தது: ஐரோப்பாவில் இரண்டு நாடுகளும் சமாதானத்துக்கு முதற்கையெழுத்து இட்டுவிட்டன. கையெழுத்தான தேதி ஜனவரி 20. ஜூன் 13இல் விழுந்தவர்கள் எல்லாரும் சமாதானம் ஆகி ஐந்து மாதம் கழித்து விழுந்தவர்கள்.

“அப்படியானால் அந்தப் பள்ளங்கள் எங்கே, மாமா?” என்றாள்.

பள்ளங்கள் மூடப்பட்டுவிட்டன. புதுச்சேரியின் சுவர்களை 1761இல் இடித்தார்கள். பிறகு மறுபடி கட்டி, மறுபடி இடித்தார்கள். கடைசியாக அந்தச் சுவர் நின்ற கோட்டில் சாலை போட்டார்கள். இன்று ஊரைச் சுற்றி வரும் பொல்வார், அதாவது மேற்கே அண்ணா சாலை, வடக்கே படேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை, பழைய கோட்டைச் சுவரின் தடம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவளை அண்ணா சாலைக்கு அழைத்துச் சென்றேன். 800 கெஜம் என்றால் எவ்வளவு என்று கேட்டாள். சுமார் 730 மீட்டர் என்றேன். அங்கிருந்து மேற்கே நெல்லித்தோப்புப் பக்கமாக அடி எண்ணிக்கொண்டே நடந்தோம். வழியில் ஒரு கடையில் நின்று சுண்டல் வாங்கினாள். அந்த நேரத்தையும் சேர்த்து, பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.